எக்ஸ்ஆர்2206 சிக்னல் ஜெனரேட்டர் கிட்: சைன் அலை எவ்வளவு சுத்தம்?

அக்ரிலிக் பெட்டியோடு, நாமே சாலிடர் செய்துகொள்ளும்படி வரும் மலிவான கிட் இது. 1 ஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை சைன், முக்கோணம், சதுரம் மூன்றும் வரும் என்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் சிக்னல் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று தேட இது தாராளம். அதே ஆம்ப்ளிஃபயரின் டிஸ்டார்ஷனை (அலை வடிவம் கெடும் அளவை) அளக்க உதவாது, இதன் சைனே அவ்வளவு சுத்தம் இல்லை.

கிட்டின் இதயமான எக்ஸ்ஆர்2206 ஐசி முதலில் முக்கோண அலையை உண்டாக்கி, அதன் முனைகளை மழுக்கித்தான் சைன் ஆக்குகிறது. மழுக்கும் அளவு 13, 14 பின்களுக்கு இடையே உள்ள ரெசிஸ்டரைப் பொறுத்தது. ட்யூன் செய்யாவிட்டால் டிஸ்டார்ஷன் சுமார் 2.5%, செய்தால் 0.5% என்கிறது டேட்டாஷீட் (ஐசி தயாரிப்பாளரின் விவரத்தாள்). கிட்டில் இருப்பதோ நிலையான ரெசிஸ்டர். அதைக் கழற்றி 500 ஓம் ப்ரீசெட் (திருப்பி மாற்றக்கூடிய சின்ன ரெசிஸ்டர்) போடுங்கள். 15, 16 பின்களுக்கு 25 கிலோஓம் ப்ரீசெட், அதன் நடுக்கால் கிரவுண்டுக்கு. 25 கிலோஓமை நடுவில் வைத்து, ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்) பார்த்தபடி முதலில் 500 ஓமைத் திருப்ப வேண்டும். 200 ஓம் பக்கத்தில் அலை சரியாகும். 25 கிலோஓமால் சிமெட்ரியை (அலையின் சமச்சீரை) சரிசெய்வது அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

சைனின் உச்சியில் சின்ன முள் தெரிந்தால், அது சதுர அலை மாறும் கணத்தில் கசிவது. சதுர அலை வேண்டாதவர்கள் அது வெளிவரும் பின் 11-ஐ சப்ளையோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டரை எடுத்துவிடலாம். சப்ளை வரும் பின் 4-க்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தாலும் முள் குறையும்.

சைன் வெளிவரும் பின் 2-இல் சப்ளையில் பாதி டிசி உட்கார்ந்திருக்கும். 12 வோல்ட் என்றால் 6. வெளியே எடுக்கும்போது 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் அவசியம், பாசிட்டிவ் கால் கிட் பக்கம்.

ஃப்ரீக்வென்சி 1/ஆர்சி (ஆர் ரெசிஸ்டர், சி கெபாசிட்டர்): 10 கிலோஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் 1 கிலோஹெர்ட்ஸ் தரும். ஐசி நிலையானதுதான், மலிவான செராமிக் கெபாசிட்டர்தான் சூட்டில் நகரும். அங்கே பாலியெஸ்டர் போடுங்கள். 9 வோல்ட்டிலும் ஓடும் என்று விற்கிறார்கள், டேட்டாஷீட்டில் குறைந்தபட்சமே 10. 12 வோல்ட் அடாப்டரே சரி.

ஃப்ரீக்வென்சி துல்லியம்தான் முக்கியம் என்றால் ஏடி9833 என்ற டிஜிட்டல் அலை ஜெனரேட்டர் மாட்யூல் வாங்கலாம்; 0.1 ஹெர்ட்ஸ் படியில் நகரும், ஆனால் வெளியீடு 0.6 வோல்ட் அளவுதான், மைக்ரோகன்ட்ரோலரும் வேண்டும். டிஸ்டார்ஷன் அளக்க வீன் பிரிட்ஜ் என்ற சைன் ஆஸிலேட்டர்தான் வழி: என்இ5532 ஆப்-ஆம்ப் ஐசி, இரண்டு 16 கிலோஓம் ரெசிஸ்டர், இரண்டு 10 நானோஃபாரட் கெபாசிட்டர், கெயினை 3-இல் பிடித்து நிறுத்த ஒரு சின்ன பல்ப்.