பிஎம் வித்யாலட்சுமி போர்ட்டல்: சைட்டு ஓகே, பேங்க்ல தான் இழுவை

தங்கச்சிக்கு எஜுகேஷன் லோன் போட இந்த போர்ட்டல் தான் யூஸ் பண்ணோம். 2024 நவம்பர்ல கேபினட் ஓகே பண்ண ஸ்கீம் இது, முதல்ல அறிவிச்சப்போ 860 காலேஜ்னு சொன்னாங்க, நம்ம காலேஜ் லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க, இல்லன்னா டைம் வேஸ்ட்.

சைட்டு பரவால்ல, ஃபார்ம் ஃபில் பண்றது ஈஸி தான். பெரிய ப்ளஸ் என்னன்னா சொத்து அடமானமும் வேணாம் ஜாமீன் கையெழுத்தும் வேணாம், 7.5 லட்சம் வரைக்கும் உள்ள லோனுக்கு கவர்மெண்டே 75% கேரண்டி தருது. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள்ள இருந்து வேற ஸ்காலர்ஷிப் எதுவும் வாங்கலன்னா, 10 லட்சம் வரைக்கும் உள்ள லோனுக்கு படிக்கிற காலத்துலயும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் வட்டில 3% குறையும். 4.5 லட்சத்துக்குள்ளன்னா டெக்னிக்கல், ப்ரொஃபஷனல் கோர்ஸுக்கு அந்த டைம்ல வட்டி முழுசாவே கவர்மெண்ட் கட்டும், அதனால தாசில்தார் ஆபீஸ் வருமான சான்றிதழ முன்னாடியே வாங்கி வச்சிருங்க.

ஆனா அப்ளை பண்ணப்புறம் கதையே வேற. எங்க பேங்க்ல (பேரு வேணாம்) மேனேஜர் அப்பாகிட்ட "வீட்டுப் பத்திரம் இருக்கா சார்"னு தான் முதல்ல கேட்டாரு, ஸ்கீம் ரூல்ஸ பிரிண்ட் எடுத்து டேபிள்ல வச்சப்புறம் தான் ஃபைல் நகந்துச்சு, அதுக்குள்ள காலேஜ்ல ஃபீஸ் எங்கன்னு போன் மேல போன், முதல் செமஸ்டர் சித்தப்பா தான் கட்டுனாரு. ஃபீஸ் கட்டுன ரசீத மட்டும் பத்திரமா வைங்க, பின்னாடி கேப்பாங்க.

போர்ட்டலுக்கு 4 ஸ்டார், அந்த பிராஞ்சுக்கு ஒண்ணு, அதுவும் உள்ள ஏசி நல்லா இருந்ததால.