கறிவேப்பிலைப் புழு: படம் எடுப்பதா, வளர்ப்பதா?

ஐப்பசி மழைக்குப் பிறகு மதுரைக் கொல்லைப்புறங்களில் கறிவேப்பிலை துளிர்த்ததும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் வந்துவிடும். இளம் புழு பறவை எச்சம்போலவே இருக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பின்தான் பச்சையாகும்.

கைப்பேசியில் படமெடுத்து, உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். விரைவான வழி, நாளும் இடமும் பதிவில் நிற்கும். ஆனால் இளம் புழுவின் படத்தை வைத்து அது எந்த வண்ணத்துப்பூச்சி, எலுமிச்சை அழகியா, கறிவேப்பிலை அழகியா என்று பிரிப்பது கடினம்.

வளர்த்துப் பார்ப்பதையே நான் விரும்புகிறேன். காற்றோட்டமான டப்பா, மருந்து தெளிக்காத இலை, கூட்டுப்புழு பற்றிக்கொள்ள ஒரு குச்சி போதும். புழுக்கையைத் தினமும் துடைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கொம்புபோல் ஓர் உறுப்பு நீண்டு நெடி வீசும். அந்த நெடியைப் படம் தராது.

கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, ரோஜா அழகி என்ற நச்சுள்ள வண்ணத்துப்பூச்சியின் சாயலில் இருக்கும். பறக்கும்போது எடுத்த படத்தில் ஏமாந்துவிடுவோம். ரோஜா அழகியின் புழு தின்பதோ ஆடுதின்னாப்பாளைச் செடியை. கறிவேப்பிலை தின்று வளர்ந்ததில் அந்தக் குழப்பமே இல்லை. சில கூட்டுப்புழுக்களிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வெளிவரும்; அதையும் படமெடுத்துப் பதிவேற்றுங்கள்.