பேடில் போர்டு தண்ணீர் குடிப்பது: மதுரை வெயிலில் நாள்பட்டுப் புழங்கியதில் தெரிந்தவை

பேடில் போர்டு என்பது நின்றபடி துடுப்புப் போட்டுப் போகும் பலகை. மதுரையில் வைத்துப் புழங்கும் கெட்டி (காற்றடிக்காத) பேடில் போர்டுக்குக் கடல் செய்கிற கெடுதலைவிட மொட்டைமாடியும் கார் கேரியரும் செய்கிற கெடுதல் அதிகம். இரண்டு மூன்று வருடம் ஓடிய போர்டு கனத்துப்போனால் எங்கே மோதியது என்றுதான் முதலில் தேடுகிறோம். மோதின கீறல் வெறும் வழிதான். அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே இழுப்பது சூடு.

போர்டின் மேல்தோல் பைபர் கிளாத்தும் அதை இறுக்கும் எபாக்சி ரெசின் பசையும். உள்ளே இருப்பது தெர்மாகோல். தெர்மாகோல் மணி தண்ணீர் குடிக்காது. மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள இடுக்கு குடிக்கும். அந்த இடுக்கெல்லாம் காற்று. மானாமதுரை, பரமக்குடி வழியாக மூன்று மணி நேரம் கார் கூரையில் வெயில் வாங்கிய போர்டின் உள்சூடு 55 டிகிரி என்று வையுங்கள். ராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரையில் இறக்கிய கையோடு 30 டிகிரி தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறக்குறைய 75 மில்லி சுருங்கும். உள்காற்று போய்வர போர்டில் வைத்திருக்கும் ஸ்க்ரூத் துளையான வென்ட் மூடியிருந்தால் அந்தக் குறையை ஈடுகட்ட, மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும் போதும், அது வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

ஆகவே கரையில் முதல் வேலை, வென்ட் ஸ்க்ரூ மூடியிருந்தால் கழற்றி, போர்டை அரை மணி நேரம் நிழலில் போடுவது. ஆறிய பிறகு ஸ்க்ரூவை மூடி இறக்குங்கள். ஏறி வந்ததும் மறுபடி திறந்துவிடுங்கள். பயணத்திலும் வீட்டிலும் திறந்தே இருக்கட்டும். கொடைக்கானல் போல 2,000 மீட்டர் உயரத்துக்கு மூடியபடி கொண்டுபோனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, உள்காற்று தோலைத் தெர்மாகோலிலிருந்து பிய்த்துவிடும். ஸ்க்ரூவை நாணயத்தால் இறுக்கினால் போதும். ஸ்பானர் வைத்தால் பிளாஸ்டிக் மரை வழுக்கிவிடும். ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தட்டையாகவோ வெடித்தோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். காற்றை மட்டும் விடும் சவ்வு வைத்த தானியங்கி வென்ட் என்றால் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கிரீஸ் தடவினால் சவ்வு அடைத்துக்கொள்ளும்.

கசிவு அதிகம் வரும் இடம் ஃபின் பாக்ஸ், அதாவது அடியில் துடுப்பு மீன்செதில் போல நிற்கும் ஃபின்னைச் செருகும் பெட்டி. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழம் குறைவு. ஃபின் மணலில் தட்டும்போது நெம்புகோல் போல அடிப்பெட்டியை அசைத்து, ஓரத்தில் விரிசல் விடுகிறது. அடுத்தது கால் கயிறு மாட்டும் லீஷ் பிளக், கைப்பிடிக் குழி, துடுப்பு இடிக்கும் விளிம்பு.

கண்டுபிடிக்க நம்பகமான கருவி லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு. போர்டு புதிதாக இருக்கும்போதே எடை போட்டு, ஃபின் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். மேலே நிற்கும் இடத்தில் ஒட்டிய மெத்தையான டெக் பேடும் ஈரம் பிடிக்கும் என்பதால் ஒருநாள் நிழலில் காய்ந்த பிறகே நிறுங்கள். 300, 400 கிராம் கூடினாலே சந்தேகப்படலாம். மானாமதுரைப் பானையைச் சுண்டிப் பார்ப்பது போல விரலால் சுண்டிக்கொண்டே போங்கள்: நல்ல இடம் 'டொக்' என்று தெளிவாகப் பேசும், தோல் விட்ட இடம் மந்தமாக அமுங்கும். காய்ந்த விரிசலில் வெள்ளையாக உப்புக்கோடு பூத்திருந்தால் அதுதான் வாசல். பிடிபடவில்லையா? வென்ட்டை மூடி, சந்தேகமான ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, நிழலிலிருந்து வெயிலுக்குப் பத்து நிமிடம் நகர்த்துங்கள். உள்காற்று விரிந்து குமிழ் விடும் இடத்தை உடனே வட்டமிட்டுக்கொண்டு நிழலுக்குத் திரும்புங்கள். பம்ப் வைத்துக் காற்றடிக்கவே கூடாது.

காயவைப்பதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். விரிசலைத் தாராளமாகத் திறந்து, பழுத்து நைந்த தெர்மாகோலைச் சுரண்டி எடுங்கள். உப்பு தங்கினால் ரெசின் ஒட்டாது. நல்ல தண்ணீர்த் துணியால் துடையுங்கள். திறந்த வாய் கீழே இருக்கும்படி, மின்விசிறி ஓடும் அறையில் சாய்த்து நிறுத்துங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை எடை. அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வந்தால் காய்ந்தது என்று அர்த்தம். சித்திரை வைகாசியில் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மாதத்திலும் முடியாது. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் போட்டால் உள்ஈரம் ஆவியாகித் தோல் உப்பிக்கொள்ளும்.

அடுத்த ஆபத்து பட்டறையில். கூரை ஷீட், தண்ணீர்த் தொட்டி வேலை செய்யும் பைபர் பட்டறைகளில் இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கண்முன்னே கரைத்துக் குழியாக்கிவிடும். ஃபெவிக்விக்கும் கரைக்கும். எபாக்சி மட்டும்தான். எம்-சீல் எபாக்சி என்பதால் அவசரத்துக்கு அடைக்கலாம், ஆனால் விளிம்பில் சீக்கிரம் விரிசல் விடும்.

80 நம்பர் உப்புத்தாளால் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் தேயுங்கள். குழியை எபாக்சியும் மைக்ரோபலூன் என்ற லேசான நிரப்புத் தூளும் குழைத்த பட்டியால் நிரப்புங்கள். மேலே 200 ஜிஎஸ்எம் கிளாத் இரண்டு அடுக்கு, முதலாவது குழியைத் தாண்டி 2 சென்டிமீட்டர், அடுத்தது 4. ரெசினையும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்ட எடை விகிதப்படி சமையல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். சீக்கிரம் இறுகும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் பிசுபிசுப்பு போகவே போகாது. நம்மூர் சூட்டில் மொத்தமாகக் கலந்தால் கப்பிலேயே புகைந்து இறுகும். 50 கிராம் வீதம் கலந்து தட்டையான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். வேலையைச் சாயங்காலம் வையுங்கள். சூடு இறங்கும் நேரத்தில் தெர்மாகோல் ரெசினை உள்ளிழுத்துக்கொள்ளும். காலையில் செய்தால் விரியும் காற்று ரெசினில் ஊசித்துளை போட்டு, பழைய கதை மறுபடி தொடங்கும். 24 மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம், ஒரு வாரம் கழித்துத் தண்ணீரில் இறக்கலாம். எபாக்சிக்கு வெயில் ஆகாது. கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் இரண்டு பாக PU கிளியர் ஒரு பூச்சு கொடுங்கள்.

காற்றடிக்கும் போர்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் 30 டிகிரியில் 15 psi அழுத்தம் வைத்தது 60 டிகிரியில் கிட்டத்தட்ட 18 psi ஆகும், ஒட்டுத்தையல் விடக்கூடும். கரையேறியதும் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும்.

பழைய கெட்டி போர்டு வாங்கப் போகிறவர்கள் கொக்கித் தராசைக் கையோடு கொண்டுபோங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடி, டெக்கில் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கினால், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.