கம்பெனி காசுல வர்ற அறிக்கையா, அரசு போடுற குழுவா?

டெல்டாவுல எரிவாயு எடுக்குற பேச்சு வந்தாலே "நிபுணர்களே சொல்லிட்டாங்க"ன்னு ஒரு வரி வந்து விழும். எந்த நிபுணர், யாரு ஃபீஸ் குடுத்தாங்கன்னு பாக்கணும்ல.

ஒண்ணு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டம் வந்தா மண்ணு, தண்ணி, காத்து என்னாகும்னு முன்னாடியே எழுதுற அறிக்கை. மத்திய அரசோட 2006 அறிவிக்கைப்படி திட்டத்த கொண்டுவர்ற கம்பெனியே கன்சல்டன்ட்ட புடிச்சு, காசு குடுத்து அறிக்கை வாங்குது. அவருக்கு அங்கீகாரம் வேணும்தான், ஆனா அடுத்த வேலையும் இதே மாதிரி கம்பெனிகிட்ட இருந்துதானே வரணும், பொண்ணு வீட்டுக்காரங்களே ஜாதகம் எழுதிக் குடுத்த கதைதான். ஒரே நல்லது, கருத்துக்கேட்பு கூட்டம் உண்டு, வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸ்ல இருக்கும், நம்மூரு வாய்க்கால் அதுல இருக்கா இல்ல தரிசுன்னு எழுதிட்டாங்களான்னு பாத்து எந்திரிச்சு கேக்கலாம். 2020 ஜனவரில எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு அதையும் எடுத்துட்டாங்க!

இன்னொண்ணு, அரசே போடுற குழு. மன்னார்குடில மீத்தேன் எரிவாயு எடுக்குற திட்டத்துக்கு 2013ல மாநில அரசு போட்டுச்சு, 2015ல தடை வந்துச்சு. கம்பெனி காசு இல்ல, சரி. ஆனா ஆள பொறுக்குறது ஆட்சில இருக்குறவங்க.

என்னைக் கேட்டா ரெண்டாவதே தேவல, அதுவும் உறுப்பினருங்க முன்னாடி எந்தெந்த கம்பெனிக்கு ஆலோசகரா இருந்தாங்கன்னு மொதல்லயே வெளில போட்டா மட்டும்.