மடிநோய் பார்க்கும் நான்கு கிண்ணத் தட்டு: கறவை மாடு உள்ள வீட்டுக்குக் கட்டாயம் தேவை

கைப்பிடியோடு நான்கு கிண்ணங்கள் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்று, ஊதா நிறத் திரவம் ஒரு போத்தல். மிருக வைத்தியர்கள் சி.எம்.டி. என்று சொல்லும் கலிபோர்னியா மடிநோய்ப் பரிசோதனைக்கு இவ்வளவுதான் வேண்டும். 1957இல் அமெரிக்காவில் வந்த முறை இது. மின்சாரமும் தேவையில்லை, நுணுக்குக்காட்டியும் தேவையில்லை. மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் பட்டியில் இதைப் பாவித்து வருகிறோம். கணவர் கறப்பார், தட்டைப் பிடிப்பது நான்.

முதல் இரண்டு பீச்சை வெளியே விட்டுவிட்டு, காம்புக்கு ஒரு கிண்ணமாகப் பாலை எடுக்க வேண்டும். தட்டைச் சரித்து, கோட்டுக்கு மேலே உள்ள பாலை ஊற்றிவிட்டால் ஏறக்குறைய 2 மில்லிலீற்றர் மிஞ்சும். அதே அளவு திரவத்தை விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பால் இளகி ஓடும். நோய்ப்பட்ட பால் கொழகொழவென்று திரளும். முற்றியிருந்தால் நடுவில் குவிந்து நிற்கும். நோயோடு போராட மடிக்குள் வந்து சேரும் வெள்ளை அணுக்களை இந்தத் திரவம் உடைக்கிறது. அவற்றின் டி.என்.ஏ.தான் அப்படித் திரளுகிறது. 10 விநாடிக்குள் பார்த்துவிடுங்கள், பிந்தினால் இலேசான திரட்சி கலைந்துபோகும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் செவலையின் கதையைச் சொல்கிறேன். மடி வீங்கவில்லை, பால் வெள்ளையாகவே இருந்தது, தீனியும் குறையாமல் எடுத்தாள். ஆனால் தட்டில் பின்பக்க இடது காம்பின் கிண்ணம் மட்டும் திரண்டது. மருந்து ஏற்றினோம், நின்றது. சில வாரத்தில் அதே காம்பில் திரும்பவும் வந்தது. பாலை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா என்று வந்தது. எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும் வந்தது. அதிலே, நாங்கள் ஏற்றிய மருந்துக்கு நேரே ‘கேட்கும்’ என்றே இருந்தது.

கேட்கும் மருந்து ஏன் கேட்கவில்லை? டொக்டரிடம் கேட்டேன். “அம்மா, அந்தச் சோதனை தனித்தனியாத் திரியிற கிருமிக்குத்தான். மடிக்குள்ள அது கூட்டமா ஒட்டிக்கொண்டு இருக்கு” என்றார். மருந்து தோய்த்த வட்டக் கடதாசியைக் கிருமி பூசிய ஆய்வுகூடத் தட்டில் வைத்து, சுற்றிலும் எவ்வளவு தூரத்துக்குக் கிருமி வளராமல் நிற்கிறது என்று அளப்பதுதான் அந்தச் சோதனை. மடிக்குள் நிலைமை வேறு. இந்தப் பற்றீரியா மடியின் உட்சதையில் ஒட்டி, தானே சுரக்கும் பசைக்குள் உயிர்ப்படலமாகக் குடியேறிவிடும். கிணற்றுக் கல்லில் கால் வழுக்கும் வழுவழுப்பும், காலையில் பல்லில் படிந்திருக்கும் படிவும் அந்த வகைதான். படலத்தின் அடியில் கிருமிகள் வளராமல் உறங்கிக் கிடக்கும். பென்சிலின் போன்றவை, வளரும் கிருமி தன் சுவரைக் கட்டும்போது அதைக் குலைத்துத்தான் கொல்கின்றன. கட்டாமல் கிடப்பதை என்ன செய்யும்? மருந்து நின்றதும் அவை மறுபடி எழும்பும். அதோடு நிற்பதில்லை, நச்சுப் பொருட்களை விட்டுப் பால் சுரக்கும் சதையையே அழிக்கும். அந்தப் பகுதி இறுகித் தழும்பாகிவிட்டால் பிறகு பால் கிடையாது.

எங்கள் பக்கத்தில் நடப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. மடி சூடாக இருக்கிறது என்றதும், போன முறை மிஞ்சிய மருந்தை எடுத்து ஏற்றுகிறார்கள். வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். குறை மருந்தில் தப்பியவையே பெருகுகின்றன. நெருங்கிக் கிடக்கும் கிருமிகள் எதிர்ப்புத் தரும் மரபணுக்களையும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும் கிருமிகள் மாட்டிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. கறப்பவரின் கையில்தானே இரண்டும் சந்திக்கின்றன?

தயிர் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, டொக்டர் சொன்ன நாள் முடியுமுன் சேர்த்தால் உறை பிடிக்காது. பென்சிலின் உறைமோரில் உள்ள பற்றீரியாவையும் விடாது. காய்ச்சினாலும் அது முழுதாகப் போகாது. சட்டி சட்டியாகக் கொட்டுவது ஒரு நட்டம் என்றால், தெரியாமல் குடிக்கும் பிள்ளைக்கு அது அதைவிடப் பெரிய கேடு.

சரி, தட்டுக்கு வருவோம். எந்தக் கிருமி, எந்த மருந்து என்று இது சொல்லாது. அதற்கு ஆய்வுகூடம்தான். கன்று ஈன்ற முதல் நாட்களிலும், பால் வற்றும் காலத்திலும் நோய் இல்லாமலே திரளும். அதை நம்பி ஊசி போட்டுவிடாதீர்கள். எனக்குக் கிடைத்த போத்தலின் மூடி இறுக்கமில்லை, பெட்டிக்குள்ளேயே கசிந்திருந்தது. செய்முறைத் தாளில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. எங்கள் படுவான்கரைப் பகுதியில் விற்கும் பொருளுக்கு இது சரியே இல்லை.

ஆனாலும் இதனால் எங்கள் பட்டியில் நடைமுறையே மாறிவிட்டது. கிண்ணம் திரண்ட மாட்டைக் கடைசியில்தான் கறக்கிறோம், ஏனென்றால் இந்தக் கிருமி கையாலும் துடைக்கும் சீலையாலும்தான் மாட்டுக்கு மாடு போகிறது. மாட்டுக்கு ஒரு சீலை வைத்திருக்கிறோம். கறந்து முடிந்ததும் காம்பை அயடின் கரைசலில் தோய்க்கிறோம். காம்புத் துவாரம் உடனே மூடிக்கொள்ளாது. அதனால் படுக்காமல் நிற்கட்டும் என்று அப்போதுதான் புல் போடுகிறோம். செவலையைக் கறப்பதை நிறுத்திப் பால் வற்றவிட்டு, டொக்டர் மேற்பார்வையில் முழு மருந்தும் ஏற்றியிருக்கிறோம். இந்தக் கிருமி அப்போதும் போகும் என்று உறுதியில்லை. கன்று ஈன்று சில நாள் போனபிறகு தட்டைப் பிடித்துத்தான் தெரியவரும்.

தட்டைக் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம், தீர்வது திரவம் மட்டும்தான். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு போத்தல் வாங்கினால் செலவு பெரிதாகத் தெரியாது. காலாவதித் திகதியையும் மூடியையும் கடையிலேயே திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.