பெரியபுராணமா, சிந்தாமணியா: வாசிப்பு நேரம் எதற்கு?

சமய நூலுக்கு அதிக நேரம் தருவதா, இலக்கியத்துக்குத் தருவதா என்ற வழக்கு தமிழில் பழையது. சமணத் துறவியான திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சோழ மன்னன் மூழ்கிக் கிடந்ததைப் பொறாத அமைச்சர் சேக்கிழார், அவனைச் சிவனடியார் வரலாறுகளின் பக்கம் திருப்பவே 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தைப் பாடினார் என்கிறது சைவ மரபு. 1880இல் கும்பகோணத்தில் வழக்கு தலைகீழானது. புராணங்களையும் பிரபந்தங்களையும் கரைத்துக் குடித்திருந்த உ.வே.சாமிநாதையரிடம், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார். அந்தக் கேள்வியின் விளைவாக 1887இல் சாமிநாதையர் பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறியது.

கதை சொல்லும் திறத்தில் இரண்டுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. பகைவன் கோட்டையை வளைத்துக்கொள்ள, கருவுற்ற அரசி விசயையை மயில் வடிவப் பறக்கும் பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் மன்னன் சச்சந்தன் போரில் மாய, அவள் சுடுகாட்டில் இறங்கி மகன் சீவகனைப் பெறும், சிந்தாமணியின் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்துக்கு ஈடான தொடக்கம் காப்பியங்களில் அரிது; ஆனால் சீவகனின் மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அலுப்புத் தட்டத்தான் செய்கிறது. பெரியபுராணத்திலோ, வாயில் நீரும் தலைமயிரில் பூவுமாக வந்து, பல்லால் கடித்துச் சுவைபார்த்த இறைச்சியைப் படைக்கும் கண்ணப்பரை நம்பிக்கையில்லாதவரும் மறக்க மாட்டார். 1256 பாடல்கள் கொண்ட சம்பந்தர் புராணத்தில் தலம் தலமாகச் செல்லும் பகுதிகளுக்குப் பக்தியின் துணை வேண்டும்.

ஆயினும் நேரக் கணக்கில் நான் சிந்தாமணிக்கே கூடுதல் பங்கு தருவேன். பெரியபுராணத்தைத் திறவாதவரையும் அதன் கதைகள் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவிலும், குருபூசையிலும், ஓதுவார் பாட்டிலும் எட்டிவிடுகின்றன. சிந்தாமணிக்கு அப்படிப்பட்ட பொது வழி இல்லை. நச்சினார்க்கினியர் உரையோடு உட்கார்ந்து படித்தால்தான் உண்டு. சமய நூல், இலக்கியம் என்ற பிரிவே எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கும் அதுவே சான்று: சமணர் வீடுகளில் சிந்தாமணி பாராயண நூலாக இருந்ததையும், படித்து முடித்த நாளை அவர்கள் விழாவாகக் கொண்டாடியதையும் சாமிநாதையர் கும்பகோணத்திலேயே கண்டிருக்கிறார்.

சேக்கிழார் எந்த நூலின் கவர்ச்சியோடு மல்லுக்கு நின்றதாக மரபு சொல்கிறதோ, அதை அறிந்தவருக்கே அவர் கைவண்ணம் முழுதாகப் பிடிபடும். ஆகவே முதலில் நாமகள் இலம்பகம், அடுத்துக் கண்ணப்பர் புராணம், மீண்டும் சிந்தாமணியின் எஞ்சிய பகுதி என்பதே என் வரிசை. சம்பந்தர் புராணத்தைத் தேவாரப் பண்ணிசையோடு சேர்த்து, ஆற அமரப் படித்துக்கொள்ளலாம்.