முதல் பிஸ்டல்: வேலூர்க்காரருக்கு ஏர் பிஸ்டலா, .22-ஆ, .32-ஆ?

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 2024-ல் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் ஜெயித்தாலும் ஜெயித்தார், காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் தெரிந்தவர்கள் ஃபோன் போட்டால் நலம் விசாரித்த கையோடு கேட்பது ‘பையனுக்கு எந்த பிஸ்டல் வாங்கலாம்?’ என்றுதான். பாதிப் பேர் தங்களுக்காகத்தான் கேட்கிறார்கள், பையன் பேரைச் சொல்லிக்கொள்கிறார்கள். கறுப்பாக, கனமாக, சுட்டால் டமால் என்று கேட்கிற ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். ‘பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்’, அதாவது பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைக் காற்றழுத்தத்தில் தள்ளுகிற துப்பாக்கி, என்று நான் சொன்னதும் குரலில் சுருதி இறங்கிவிடும்.

ஆனால் அந்த இரண்டு வெண்கலமுமே ஏர் பிஸ்டலில் வந்தவை. ஒன்று தனிநபர், இன்னொன்று சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில். அதே மனு .22 பிஸ்டலை, அதாவது 0.22 அங்குலத் துளையில் வெடிமருந்துத் தோட்டா போடுகிற பிஸ்டலை, வைத்துச் சுட்ட 25 மீட்டர் போட்டியில் நான்காவதாக வந்தார். ஆக, ஒருத்தர் கையில் இரண்டும் இருக்கலாம். எது முதலில் என்பதுதான் விஷயம்.

இதற்கு நான் போடுகிற கணக்கு ஒன்றே ஒன்று: புதுசாகக் கற்பவர் வேலூரில் இருந்துகொண்டு வாரத்துக்கு எத்தனை தடவை ஒழுங்காக டிரிகர் அழுத்த முடியும்? துப்பாக்கியின் பிராண்ட், விலை, அழகு எல்லாம் அதற்கு அப்புறம்.

.22-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம், ஆசை அங்கேதான் இருக்கிறது. 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டல் என்பது செமி ஆட்டோமேட்டிக், ஒன்று சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும், போட்டியில் மேகசினுக்கு ஐந்து தோட்டா, டிரிகர் குறைந்தது ஒரு கிலோ எடை தாங்க வேண்டும், துப்பாக்கி 1,400 கிராமுக்கு மேல் போகக்கூடாது. பார்டினி, வால்தர், மோரினி என்று நல்ல நல்ல கம்பெனிப் பெயர்கள். சுட்டால் உதை ரொம்பக் கம்மி, சத்தம் மட்டும் காதுக்கு மூடி இல்லாமல் கேட்கக்கூடாத அளவுக்கு இருக்கும். கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஆசை விடாது, அதில் ஒன்றும் தப்பில்லை.

ஆனால் இது முழுக்க ஆயுதச் சட்டத்துக்குள் வருகிற சாமான். 21 வயது ஆகியிருக்க வேண்டும், கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்குச் சான்று, அப்புறம் காத்திருப்பு. 21 ஆகாத பிள்ளைகள் கிளப்பின் மேற்பார்வையில் பயிற்சிக்குச் சுடலாம், சொந்த லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் வந்தாலும் வெளிநாட்டு .22-ஐ நினைத்த மாத்திரத்தில் இறக்குமதி செய்ய முடியாது. அந்தச் சலுகை போட்டிகளில் குறிப்பிட்ட தகுதியைத் தொட்டவர்களுக்குத்தான். எண்பதுகளின் நடுவிலிருந்து சாதாரண லைசென்ஸ்தாரருக்கு இறக்குமதிக் கதவு மூடியே கிடப்பதால், அதற்கு முன்னால் வந்த பழைய துப்பாக்கிகள் கை மாறிக் கை மாறி யானை விலை சொல்கின்றன. ஐரோப்பாவில் யாரும் சீந்தாத ஒரு பழைய .22-க்கு இங்கே கேட்கிற விலையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

இதைவிடப் பெரிய தொல்லை, எங்கே சுடுவது? .22 தோட்டா காற்றிலே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. வீட்டில், மாந்தோப்பில், பாலாற்று மணலில் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளோடு துப்பாக்கிப் பேச்சையே நிறுத்திவிடுங்கள். அனுமதி பெற்ற ரேஞ்ச், அதாவது சுடுதளம், ஒன்றுதான் வழி, இங்கிருந்து பலருக்கும் அது சென்னைப் பயணம், போக மட்டுமே 140 கிலோமீட்டர் சுமார். வேலைக்குப் போகிறவரால் மாதத்தில் எத்தனை ஞாயிறு அப்படிப் போய்வர முடியும்? அந்த ஞாயிறுகளிலும் தோட்டாவை எண்ணி எண்ணித்தான் சுட வேண்டியிருக்கும். அப்புறம் தேர்தல். அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வரும். போட்டியாளர்கள் விலக்குக் கேட்கலாம், புதுசாக ஆரம்பித்தவர் என்னத்தைக் காட்டிக் கேட்பார்? 2019-ல் நம் தொகுதிக்கு ஏப்ரலில் நடக்க வேண்டிய மக்களவைத் தேர்தல் பண விவகாரத்தில் ரத்தாகி ஆகஸ்ட் 5-ம் தேதி நடந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

.32 பற்றி நீட்ட வேண்டியதில்லை. கான்பூரில் தயாராகும் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர்தான் நம் ஊரில் லைசென்ஸ் வாங்குகிறவர்கள் அதிகம் கேட்பது. ஆறு தோட்டா, மூன்று இஞ்ச் குழல், குறி பார்க்கிற சைட் அசைக்க முடியாதது, இழுத்தால் விரல் நடுங்குகிற டிரிகர். 2014-ல் பெண்களுக்கென்று வந்த ‘நிர்பீக்’ அரைக் கிலோ எடையில் லேசாக இருந்தது, அறிமுக விலை 1.22 லட்சம் ரூபாய். துப்பாக்கி லேசாக இருந்தால் உதை அதிகம் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். தற்காப்புக்கு என்று வாங்குகிறவர் வாங்கிக்கொள்ளட்டும், அது வேறு பேச்சு. சுடக் கற்றுக்கொள்ள இதை வாங்கினால், முதல் மேகசின், இல்லை, முதல் சுற்று முடிவதற்குள்ளேயே வெடிக்கப்போகிறது என்று கண்ணை மூடுகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற மாதக்கணக்கில் ஆகும். ‘சென்டர் ஃபயர் போட்டியில் (.22-ஐவிடப் பெரிய தோட்டா சுடுகிற போட்டி) .32 இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. அதற்குச் சுடுகிற டார்கெட் பிஸ்டலும் இந்த ரிவால்வரும் ஒரே ஜாதி கிடையாது.

சரி, ஏர் பிஸ்டலுக்கு வருவோம். 2016-ன் ஆயுத விதிகள்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம், அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். பத்து மீட்டர் போட்டி பிஸ்டல் கக்குவது சுமார் 6 ஜூல்தான். .22 தோட்டாவுக்கு அது 130-ஐத் தொடும். கம்மவான்பேட்டையில், அதாவது நம்மூர்க்காரர்கள் ராணுவப்பேட்டை என்று சொல்கிற ஊரில், ரிட்டயர்டு சுபேதார் மாமா ஒருவர் என் பிஸ்டலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாபா இது, காத்து ஊதறதுக்கு இம்மாம் பெரிய கைப்புடியா?” என்றார். “சும்மா அஞ்சு பெல்லட் சுட்டுப் பாருங்க மாமா” என்றேன். ஐந்தும் டார்கெட் காகிதத்தில் விழுந்தன, நடுக் கறுப்பு வட்டத்துக்குள் ஒன்று. மனிதர் அப்புறம் போகவே இல்லை, டீ ஆறிப்போனது. பத்து மீட்டரில் அந்தப் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு.

ராணுவத்தில் வருஷக்கணக்காகச் சுட்டவருக்கே அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. ஏர் பிஸ்டலில் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் மாதிரி மெதுவாகத்தான் கிளம்பும், .22 அதைப் போல இரண்டு மடங்கு வேகம். டிரிகர் விழுந்து பெல்லட் குழலைத் தாண்டுவதற்குள் மணிக்கட்டு கொஞ்சம் தொய்ந்தால் போதும், ஏழு புள்ளி வட்டத்தில் போய் உட்காரும். உதையும் சத்தமும் இல்லாததால் தப்பை அவற்றின் மேல் போடவும் முடியாது. டிரிகர் 500 கிராம்தான். சுட்டுவிரலின் முதல் கணு அதன்மேல் படிந்து, பாதிப் பாரத்தை ஏற்றி, முன் சைட்டை மட்டும் தெளிவாகப் பார்த்து டார்கெட்டை மங்கலாக விட்டுவிட்டு, மீதிப் பாரத்தைத் தன்னால் விழுகிற மாதிரி ஏற்றுவது. அவ்வளவுதான் பாடம், ஆனால் ஆயிரக்கணக்கில் செய்தாக வேண்டும். ஏர் பிஸ்டலில் பெல்லட்டே போடாமல் வெறுமனே அழுத்திப் பழக டிரை ஃபயர் வசதி உண்டு, ராத்திரி பத்து மணிக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. .22-ல் வெற்று அறையில் அப்படி அழுத்தினால் ஊசி போய்க் குழல் விளிம்பைக் கொத்தும். டம்மி தோட்டாவோ தனி அமைப்போ வேண்டும்.

கொசப்பேட்டை, வேலப்பாடி பக்கம் பழைய வீடு உள்ளவர்களுக்கு வாசலிலிருந்து கொல்லை வரை நேர் வழி இருக்கும், பத்து மீட்டர் அங்கேயே கிடைத்துவிடும். தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் டார்கெட், அதற்குப் பின்னால் இரும்புத் தகடு வைத்த பெல்லட் பெட்டி, கொல்லைக் கதவுக்கு உள் தாழ்ப்பாள், சுடும்போது வீட்டார் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்ற கட்டளை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சுடாதீர்கள். மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம், கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அது தெரு. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பெல்லட் ஈயம்.

ஏர் பிஸ்டலிலும் ஜாதிகள் உண்டு. ஸ்பிரிங் வைத்த, குழலை மடக்கிச் சுடுகிற மலிவு ரகம் பொழுதுபோக்குக்கு ஓகே, குறி பழக ஆகாது, உள்ளே ஸ்பிரிங் முன்னும் பின்னும் துள்ளுவதால் கை தப்பா துப்பாக்கி தப்பா என்று தெரியாது. கார்பன் டை ஆக்சைடு குப்பி போடுகிற ரகத்தை நம் ஊர் வெயிலே அடித்துவிடும். அந்த வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாகவே நிற்காது, அழுத்தம் எக்குத்தப்பாக ஏறும். அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தாண்டுகிற வேலூரில் காலையில் சுட்ட இடமும் மதியம் சுட்ட இடமும் ஒன்றாக இருக்காது.

மிச்சம் இரண்டு. ஒரே தடவை நெம்புகோலை இழுத்துக் காற்றை அடைக்கிற ரகம், காமோ காம்பாக்ட் மாதிரி. சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம், வெயில் பெரிதாகப் பாதிக்காது. இன்னொன்று 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்த சிலிண்டரோடு வருவது, போட்டிகளில் எல்லோர் கையிலும் இருக்கும் ஸ்டெயர், மோரினி, வால்தர் எல்லாம் இதுதான். புதுசு லட்சத்தைத் தாண்டும். துல்லியத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆரம்பத்தில் உங்கள் கை கண்டுபிடிக்கப் போவதில்லை. வித்தியாசம் தெரிவது வேறு இடத்தில். நெம்புகோல் ரகத்தில் ஒவ்வொரு பெல்லட்டுக்கும் இழுத்து இழுத்து, போட்டியின் 60 சுடுதலுக்குள் தோள் கெஞ்ச ஆரம்பித்துவிடும், ஒல்லியான பிள்ளைகளுக்கு இது நிஜமான கஷ்டம். சிலிண்டர் ரகத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நிரப்புவது யார்? பெரிய தாய் சிலிண்டர் வாங்கி வைத்து அதையும் எங்காவது கொண்டுபோய் நிரப்பி வர வேண்டும், இல்லையென்றால் கைப்பம்பில் வேர்க்க விறுவிறுக்க அடிக்க வேண்டும். அதிலும் ஈரம் உறிஞ்சுகிற வடிகட்டி இல்லாமல் அடித்தால் தண்ணீர் உள்ளே போய் சீல் கெடும். நிரப்பிய சிலிண்டரை மே மாதம் கண்ணாடி ஏற்றிய காரில் விட்டுவிட்டு அண்ணா சாலையில் சாப்பிடப் போகாதீர்கள்.

என் தீர்ப்பு இது. 21-க்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, தோளில் பலம் இருந்தால் நெம்புகோல் ரகம், இல்லையென்றால் நேராக செகண்ட் ஹேண்டில் பழைய சிலிண்டர் ரகம். வேலைக்குப் போகிற பெரியவருக்கும் அதே பழைய சிலிண்டர் ரகம்தான், அதோடு மாவட்ட ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி .22-ஐ கிளப் துப்பாக்கியில் ரேஞ்சிலேயே சுட்டுப் பழகுங்கள். லைசென்ஸ் விண்ணப்பம் பாட்டுக்கு நகரட்டும், ஏர் பிஸ்டலில் மாநிலப் போட்டி வரை போய்விட்டால் .22-க்குக் கேட்கும்போது காட்ட ஒரு காகிதமாவது இருக்கும். 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் பதக்கம் வாங்கிய படத்தை எல்லோரும் பகிர்ந்தோமே, அந்த மாநிலப் போட்டிதான். கிளப்பில் சேர்ந்து சுட்டால் யாரும் போகலாம்.

பழசு வாங்கும்போது இரண்டு விஷயம். சிலிண்டரில் தேதி பொறித்திருக்கும், பத்து வருஷம் தாண்டியிருந்தால் போட்டியில் சோதனையில் நிறுத்திவிடுவார்கள், புது சிலிண்டர் செலவை விலையில் கழியுங்கள். இரண்டாவது கிரிப். மரத்தில் கை அச்சுக்குக் குடைந்த கைப்பிடி சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று அளவில் வரும். பிடித்துக் கையை நீட்டிக் கண்ணை மூடித் திறந்து பாருங்கள், முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் தானாக வந்து நிற்க வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள குழியில் காற்றுப் போகிற இடைவெளி இருந்தால் பயமில்லை, வுட் பட்டி பூசி அரத்தால் ராவிச் சரி பண்ணிவிடலாம், ஒரு அளவு பெரிசாக இருந்தாலும் தேய்த்துக் குறைக்கலாம். இடது கைக்காரருக்கு வலது கை கிரிப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ‘மாத்திக்கலாம் சார்’ என்பார்கள். மாற்று கிரிப்பைக் கையில் கொடுக்கிற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.